கையை நீட்டியவர்கள்

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஓர் அறை உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லும் இடம் அது. புதுக்கோட்டை ஜில்லாவிலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஆனாலும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த மனிதர் பலகையைப் படித்ததும், 'தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?' என்று வாசலிலேயே நின்றுவிடுகிறார். அறியாமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தயக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் புதுக்கோட்டைக்கும் பங்கு உண்டு.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அவர் மகாராஜா கல்லூரியில் சேர முயன்றபோது, ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்களாம்! தொண்டைமான் மன்னர் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் டாக்டர் பட்டம். பின்னாளில் சட்டசபையில் அமர்ந்து, பெண்களை விலைபேசும் வியாபாரத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டுமென்று பாடுபட்டார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அப்படிப்பட்ட சட்டங்களின் பெயரால் பிடிக்கப்பட்ட பெண்களை வைக்கும் காப்பகம் ஒன்று மயிலாப்பூரில் இருந்தது. முத்துலட்சுமி படித்த அதே மருத்துவக் கல்லூரியின் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் யோசனைப்படி அங்கே போய் இரத்தம் சேகரித்தார். கையுறைகூட இல்லை. சேகரித்த இரத்தத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலேறி வேலூருக்குக் கொண்டு போனார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-இல் இப்படித்தான் வெளிப்பட்டது.

மகத்தான காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் கையை நீட்டிய பெண்களுக்கு ஊசி எதற்கென்று சொல்லப்படவில்லை. ஏதோ மேகநோய்ச் சோதனை என்று அவர்கள் நினைத்தார்கள். இதை நிர்மலாவே பின்னர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

அடுத்து நடந்ததுதான் மனத்தை அறுக்கிறது. மேலும் பல பெண்களைப் பிடித்துச் சோதித்தார்கள். தொற்று கண்டவர்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் கோர்ட்டுக்குப் போன பிறகு, 1990-இல்தான் விடுதலை வந்தது.

2017-ஆம் வருஷத்துச் சட்டம், சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே விடக் கூடாது என்கிறது. நம்பிக்கை மையத்து ஆலோசகர் இதை நிதானமாக எடுத்துச் சொல்கிறார். எல்லாம் கேட்டுத் தலையாட்டிய பிறகும், எதிரே இருப்பவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக் கொள்கிறார்.