முடி கொடுத்த ரோட்டில் முடி நடவு

நாம் சி.டி.எச். ரோடு என்று சொல்வது சென்னையிலிருந்து திருத்தணிப் பக்கம் போகும் நெடுஞ்சாலை. பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாக இந்த ரோட்டைப் பிடித்துத்தான் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போய் முடி இறக்கிவிட்டு வந்தோம். பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவேற்காடு கருமாரியம்மன் இருக்கிறாள். இப்போது இதே பக்கங்களில் முடி நடுவதற்கு விளம்பர போர்டுகள் தொங்குகின்றன. போன வருஷம் என் தங்கை மகனும் நட்டுக்கொண்டு வந்தான். அதன் பிறகுதான் இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

இது ஆரம்பத்தில் அழகுக்காக வந்ததல்ல. 1939ல் ஜப்பானில் ஒகுடா என்ற டாக்டர், தீக்காயம் போன்றவற்றால் முடி போன இடங்களில், முடியுள்ள தோலைச் சிறு வட்டமாக எடுத்துப் பதித்தார். எழுதியது ஜப்பானிய மொழியில். உடனே உலகப் போரும் வந்துவிட்டது. மேல்நாட்டார் கண்ணில் அது பல காலம் படவே இல்லை. 1952ல் நியூயார்க்கில் ஆரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் ஆண்களின் வழுக்கைக்கு இதைச் செய்தார். பின்னந்தலை முடியை முன்னால் நட்டால், அது பின்னந்தலைக் குணத்தோடேயே, உதிராமல் வளரும் என்று 1959ல் எழுதினார். இன்றைக்கும் இந்த வைத்தியத்துக்கு அடிப்படை அதுதான்.

அன்று ஒவ்வொரு துண்டும் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அதனால் பொம்மைத் தலையில் குத்தி வைத்ததுபோல் கொத்துக்கொத்தாகத் தெரியும். 1990களில் பின்னந்தலையிலிருந்து ஒரு பட்டைத் தோலை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒன்றிலிருந்து நான்கு முடி வரை உள்ள சிறு வேர்க் கற்றைகளாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள். 2002 வாக்கில், பட்டையே எடுக்காமல் ஒரு மில்லிமீட்டர் அளவு ஊசித் துளையில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி நடும் எஃப்.யூ.ஈ. முறை பிரபலமாயிற்று.

துளை சிறிதாகச் சிறிதாக, இது ஆபரேஷன் என்ற நினைப்பே ஜனங்களுக்குக் குறைந்துவிட்டது. சலூனில் முடி வெட்டிக்கொள்வதுபோல் ஒரு சமாசாரம் என்று ஆகிவிட்டது. அதற்கு நம் சென்னை பெரிய விலை கொடுத்தது. 2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே முடி நடப் போய் இறந்தார். மயக்க மருந்துக்குப் பிறகு உடல்நிலை மோசமாகி, வேலூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அந்த இடம் வாங்கியிருந்தது சலூன் லைசென்ஸ்தான் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் 1997லேயே வந்துவிட்டது; அதற்கான விதிகள் வந்ததோ 2018ல். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோதான் இதைச் செய்ய வேண்டும், ஒர்க் ஷாப்பிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்று சொன்னது.

தங்கை மகன் வீட்டுக்கு வந்தபோது, போன இடத்தில் ஒரு இங்கிலீஷ் தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தங்கை அதைப் படிக்கவில்லை. "மொட்டை போட்டா சந்தனம் பூசுறதில்லையா அண்ணா, எரிச்சல் அடங்கட்டுமே" என்று சந்தனக்கல்லை எடுத்துவிட்டாள். வேண்டாம் என்று தடுத்தேன். மொட்டையில் தோல் கிழிவதில்லை. இங்கே ஆயிரம், இரண்டாயிரம் துளைகள். அத்தனையும் பச்சைப் புண். சந்தனம், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் டாக்டர் சொல்லாமல் அதன்மேல் படக்கூடாது.

அவனுடைய டாக்டர் பிறகு போனில் சொன்னவை இவை. முதல் சில நாள் தலையை உயர்த்தி, இரண்டு தலையணை வைத்துத் தூங்க வேண்டும். மூன்றாம் நான்காம் நாள் நெற்றியும் கண்ணும் வீங்கலாம், தானே வடியும். தலை கழுவ டாக்டர் நாள் சொன்ன பிறகு, பேபி ஷாம்பு நுரையை மெதுவாக ஒற்றி, மக்கில் தண்ணீர் எடுத்து மெல்ல ஊற்ற வேண்டும். ஷவர் வேகம் கூடாது. பொருக்கை நகத்தால் கிள்ளக் கூடாது. பத்துப் பதினான்கு நாளில் தானே உதிரும். நாற்று வேர் பிடிக்கும் வரை வயலில் இறங்காமல் இருப்பதுபோல்தான் இதுவும். வெயில், தூசு, வியர்வை, சிகரெட் ஆகாது. "ஹெல்மெட் போடக் கூடாதாம் மாமா" என்றான். "அப்போ வண்டியையும் எடுக்காதே, பஸ்ஸில் போ" என்றேன். சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, தோல் கறுப்பது, இதில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது வாரம் நட்ட முடி கொட்ட ஆரம்பித்தது. "காசெல்லாம் கொட்டிப் போச்சே அண்ணா" என்று தங்கை அழாத குறை. அது வழக்கம்தான். மேலே உள்ள முடிதான் விழும், வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் புதிது துளிர்க்கும். முழுப்பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். அவனுக்கு இப்போது நெற்றியோரம் நன்றாகவே வந்திருக்கிறது.

நம் வயதில் யாரும் நடப்போவதில்லை என்று நினைக்காதீர்கள், போகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளும் பேரன்களும் நிச்சயம் போவார்கள். சர்க்கரையோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ இருந்தால் முதலில் சொல்லிவிட வேண்டும். எத்தனை முடி, எவ்வளவு பணம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கத்தி வைப்பது எந்த டாக்டர், என்ன படித்தவர், ராத்திரி காய்ச்சல் அடித்தால் போனை யார் எடுப்பார் என்பதை வீட்டுப் பெரியவர்கள் நாம் கேட்டுவிடுவோம்.