பட்டாளத்துக்குச் சமைத்தவர்கள்

எங்கள் பக்கம் ‘மிலிட்டரி கேன்டீன்’ என்றால் உடனே நினைவுக்கு வருவது ரம் பாட்டிலும் விலை குறைந்த மிக்ஸியும்தான். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார், கடல் தாண்டிப் போன பட்டாளத்துக்குச் சோறு வடித்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. போர் வரலாற்றுப் புத்தகங்களும் கேட்பதில்லை. பீரங்கி எத்தனை, குதிரை எத்தனை என்று கணக்குச் சொல்வார்கள். சமையல்காரர் வந்தால் ஒரு அடிக்குறிப்பில் வருவார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சோறு அடிக்குறிப்பிலிருந்து மேலே ஏறி வந்துவிடுகிறது. முற்றுகையில்.

1915 டிசம்பரில், இன்றைய இராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருக்கும் குட் நகரில், ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர்கள் சுற்றி வளைத்தார்கள். அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். 147 நாள் முற்றுகை. மாவு தீர்ந்து, கடைசியில் குதிரையையும் கோவேறு கழுதையையும் அறுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களில் பலர் அந்தக் கறியைத் தொட மறுத்தார்கள். “சாப்பிடலாம், குற்றமில்லை” என்று இந்தியாவிலிருந்து மதப் பெரியவர்களின் அனுமதியைக் கம்பியில்லாத் தந்தியில் வரவழைத்த பிறகும் தயக்கம் உடனே போகவில்லை. 1916 ஏப்ரல் 29 அன்று ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தார்கள். அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கி பிடிக்காதவர்கள். சமையல்காரர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், கழுதை ஓட்டிகள். பட்டாளக் கணக்கில் இவர்களுக்கு ஒரே பெயர்: ‘ஃபாலோயர்’. பின்னால் வருகிறவன்.

முதல் உலகப் போரில் இந்தியப் படையில் இப்படிப் போரிடாதவர்களாக இருந்தவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். 2020-ல் வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். போர் முடிந்து நூறு வருடம் கழித்து! சிப்பாயோடு ஒரே கூடாரத்தில் கிடந்து, ஒரே குண்டுக்குச் செத்தாலும், சம்பளமும் மரியாதையும் ஒரு படி கீழே. அந்தப் படி சாதிப் படியோடு ஒட்டியே இருந்தது.

பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மெசபொடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாத நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். மற்றவர்கள் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்கள். சிப்பாய்க்கே பெயர் இல்லாத கல்லில் அவனுக்குச் சமைத்தவனை எங்கே தேடுவது?

இது பழைய காலனி ஆட்சியின் கதை என்று மூடிவைக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2003-ல் அதே இராக்குக்கு இன்னொரு பட்டாளம் வந்தது. அதன் சமையற்கட்டிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். மாறியது ஒன்றுதான்: ‘ஃபாலோயர்’ போய் ‘மூன்றாம் நாட்டவர்’ வந்தது. அமெரிக்கரும் இல்லை, இராக்கியரும் இல்லை என்று பொருள்.

சமையல், துணி வெளுப்பது, குப்பை அள்ளுவது எல்லாவற்றையும் தனியாரிடம் விடும் திட்டத்தை அமெரிக்க ராணுவம் 1985-லேயே தொடங்கிவிட்டது. 1992-ல் முதல் பெரிய ஒப்பந்தம். 2001 டிசம்பரில், ஆப்கானிஸ்தான் போர் தொடங்கிய கையோடு, அந்தப் பொறுப்பு கேபிஆர் நிறுவனத்துக்குப் போனது. கடைகளைப் பார்த்துக்கொள்வது 1895-ல் தொடங்கிய ராணுவ அங்காடி அமைப்பு. பாலைவன முகாமுக்குள் பர்கர் கிங், பீட்சா ஹட், சிகை அலங்காரக் கடை என்று ஒரு சின்ன ஊரே எழும்பும். 2010-ல் ஜெனரல் மெக்கிரிஸ்டல் ஆப்கானிஸ்தானில் துரித உணவுக் கடைகளை மூட உத்தரவிட்டார். அவர் பதவி போனபின் கடைகள் திரும்ப வந்தன. அவற்றின் கல்லாவில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், வங்கதேசம், இலங்கையிலிருந்து வந்தவர்கள்.

இந்த ஒப்பந்தம் ஒரு சங்கிலி. மேலே அமெரிக்க நிறுவனம், அதற்குக் கீழே வளைகுடாவின் துணை ஒப்பந்தக்காரர், அதற்குக் கீழே மும்பையிலோ சென்னையிலோ ஒரு ஏஜென்ட், எல்லாவற்றுக்கும் கீழே நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்கும் சப் ஏஜென்ட். 1983-ம் வருடக் குடியேற்றச் சட்டப்படி ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். டீக்கடைக்காரரிடம் பதிவை யார் கேட்பது?

ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் அப்படித்தான் போனார். பூவராகர் கோயிலைத் தாண்டினால் முந்திரிக் காடு, இந்தப் பக்கம் வந்தால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை. சூளையில் கொஞ்ச நாள் பொம்மைக்கு வர்ணம் பூசியவர், பிறகு கேட்டரிங் படித்தார். “குவைத்ல ஹோட்டல் வேலைன்னுதாம்பா சொன்னான். அங்க போயி நாலு நாள் ஒரு குடோன்ல வச்சிருந்தான். அப்புறம் பார்த்தா லாரியில ஏத்தி பார்டர தாண்டிட்டான்.” அது 2005. இராக்குக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று இந்திய அரசு 2004-லேயே தடை போட்டிருந்தது. தடையால் ஆள் போவது நிற்கவில்லை. போனவர் போனதை வெளியில் சொல்ல முடியாமல் ஆனதுதான் மிச்சம்.

அவருக்குப் பழம் வெட்டுகிற டூட்டி, பிறகு எண்ணெய்ச் சட்டி. “அவங்களுக்கு நாலு வேளை. ராத்திரி பன்னெண்டு மணிக்கும் சாப்பாடு உண்டு. நாங்க அங்க உக்காந்து சாப்பிடக் கூடாது. எங்களுக்கு வேற டெண்டு, வேற சோறு.” பத்திரிகையாளர் சாரா ஸ்டில்மேன் 2011-ல் நியூயார்க்கரில் எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு கலவரம் வருகிறது. 2010 மே மாதம், பாக்தாதின் மிகப் பெரிய அமெரிக்க முகாமில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் இந்தியர்களும் நேபாளிகளும், கல்லெடுத்தார்கள். காரணம், அவர்களுக்கு வரவேண்டிய இரவுச் சாப்பாடு தீர்ந்துபோனது.

ஆபத்தும் சோற்றுக் கூடத்தைத் தேடி வந்தது. 2004 டிசம்பர் 21 அன்று மொசூல் முகாமின் சாப்பாட்டுக் கூடாரத்தில் மதிய உணவு நேரத்தில் வெடித்த தற்கொலைக் குண்டில் 22 பேர் இறந்தார்கள். அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜோர்டானிலிருந்து ஒரு முகாம் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட 12 நேபாள இளைஞர்கள் வழியில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று சொல்லித்தான் அவர்களில் பலரை ஊரிலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள்.

ஆனால் இந்தப் 12 பேர் கதையில்தான் குட் காலத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1941-ல் இயற்றப்பட்ட ‘டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்’ என்ற சட்டம். வெளிநாட்டு ராணுவத் தளத்தில் ஒப்பந்த வேலை செய்பவர் காயப்பட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும், இறந்தால் குடும்பத்துக்குப் பணமும் தர வேண்டும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், சங்கிலியின் எந்தக் கண்ணியில் இருந்தாலும் பொருந்தும். நேபாளக் குடும்பங்களுக்கு 2008-ல் இந்தச் சட்டத்தின் கீழ்தான் இழப்பீடு உத்தரவானது. அவர்களுக்காக வழக்கறிஞர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. யாரும் எழுதாதவர்களுக்குச் சட்டம் இருப்பதே தெரியாது.

எங்கள் அண்ணனுக்கும் தெரியாது. 2006-ல் எண்ணெய் கொட்டி வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஒரு மாதச் சம்பளமும் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. கோரிக்கையைப் பொதுவாக ஒரு வருடத்துக்குள் வைக்க வேண்டும் என்று நான் படித்துச் சொன்னபோது, “அத அப்பவே யாராவது சொல்லியிருக்கணும்ல?” என்றார். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. விபத்து நடந்ததை முதலாளி முறைப்படி அரசுக்கு அறிக்கையாகத் தராவிட்டால், அந்த ஒரு வருடக் கெடு ஓடத் தொடங்குவதே இல்லை.

அப்படியென்றால் கேள்வி, அங்கே அவர் வேலை பார்த்ததற்கு என்ன அத்தாட்சி என்பது. ஒப்பந்தத் தாளை ஏஜென்ட் திருப்பித் தரவில்லை. அண்ணனிடம் மிஞ்சியிருப்பது முகாம் வாசலில் காட்டுகிற அடையாள அட்டை மட்டும். பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. படம் மங்கிவிட்டது. பெயரை மட்டும் இன்னும் வாசிக்க முடிகிறது.

குவைத்தின் ஆரிஃப்ஜானிலும் கத்தாரின் அல் உதைதிலும் இந்தச் சமையற்கட்டு முறை இன்னும் முடிந்துபோன கதை இல்லை. நம் பக்கத்துப் பையன் யாராவது கிளம்பினால் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். கிடைக்கிற ஒவ்வொரு தாளையும் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். காயம் பட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எழுதி வாங்க வேண்டும். பாஸ்ராவில் எண்ணாகிப் போனவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.