நெல் வணிக ஒப்பந்தம் (காவிரிப் படுகை)

நெல் வணிக ஒப்பந்தம் என்பது நெல்லை விளைவித்தல், விற்றல், அரைத்தல், நன்செய் நிலத்தைக் குத்தகைக்கு விடுதல் ஆகியவை குறித்துச் செய்யப்படும், சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இத்தகைய உடன்பாடுகள் பல களத்துமேட்டில் வாய்ச்சொல்லாகவே முடிகின்றன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ச்சொல்லையும் ஏற்கிறது. ஆனால் வழக்கு வந்தால் அளவு, விலை, நாள் ஆகிய மூன்றையும் மெய்ப்பிக்கும் சுமை வழக்குத் தொடுத்தவர் மேல் விழும்.

வரலாறு

கடமையை எழுதி வைக்கும் வழக்கம் படுகைக்குப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ச் சபைகள் கோயில் பணத்தைக் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, வட்டி செலுத்த ஒப்பின. விளக்கெரிக்க 96 ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். எந்த அளவையால் அளப்பது என்பதும் கல்லில் வெட்டப்பட்டது. ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரைப் பெற்ற மரக்கால் அக்கோயிலின் அளவையாக இருந்தது.

அடிப்படைக் கூறுகள்

ஒருவர் முன்மொழிய மற்றவர் ஏற்பது, இருவரின் கட்டற்ற இசைவு, தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது), சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் ஆகியவை ஒப்பந்தத்தின் உறுப்புகள். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இல் மோகரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. மறுபயனை வாக்குறுதி பெற்றவரே தர வேண்டியதில்லை என்ற விதியைச் சின்னய்யா – ராமய்யா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. மகளுக்கு நிலத்தைக் கொடையாக எழுதிய தாய், தன் உடன்பிறந்தோருக்கு ஆண்டுத்தொகை தரும்படி மகளைப் பணித்தார். மகளும் அவ்வாறே எழுதிக் கொடுத்து, பிறகு மறுத்தார். தாய் தந்த நிலமே மறுபயன் எனக் கொண்டு மகளைக் கட்டுப்படுத்தியது நீதிமன்றம்.

அளவும் தெளிவும்

பொருள் உறுதியில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. அதை விளக்கச் சட்டமே தானியத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறது: ஒருவர் தம் களஞ்சியத்திலுள்ள தானியம் முழுவதையும் விற்க ஒப்பினால் அதில் ஐயமில்லை, ஆயிரம் மணங்கு அரிசிக்கு மூன்றாமவர் விலை சொல்வார் என்றாலும் செல்லும்.

படுகையில் சிக்கல் எழும் இடம் ‘மூட்டை’. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அது 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் 60 கிலோவும் அதற்கு மேலும் உண்டு. குத்தகையை ‘மாவுக்கு இத்தனை மூட்டை’ என்று பேசும்போது கிலோவையும் சொல்லாவிட்டால் சண்டைக்கு வித்தாகும். ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி. ஈரப்பதமும் அப்படியே. கொள்முதல் நிலையங்களில் பொதுவான உச்சவரம்பு 17 விழுக்காடு; மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்வு அளிப்பதுண்டு. அறுப்புக்கு முன் முன்பணம் வாங்கி விலை பேசுவது, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி இனி விளையவிருக்கும் நெல்லை விற்க ஒப்புதல் மட்டுமே, விற்பனை அன்று.

குத்தகை

நிலக்குத்தகையில் இரு தரப்பாரின் விருப்பம் மட்டும் போதாது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரரை வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்தியது. 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நில உரிமையாளரின் பங்குக்கு உச்சவரம்பு விதித்தது. நன்செய்க்கு முதலில் மொத்த விளைச்சலில் 40 விழுக்காடாக இருந்த அது, பிறகு 25 ஆயிற்று. இதற்கு மேல் எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கூடுதலைச் சட்டம் ஏற்காது. வாய்மொழிக் குத்தகைக்குச் சான்று தருவது, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பேணப்படும் குத்தகை உரிமைப் பதிவேடு.

தண்ணீரும் தவறுதலும்

மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12ஆம் நாள் திறக்கப்படும். தாமதமானால் குறுவைப் பயிர் கெடும்; பேசிய நெல்லைத் தர முடியாமற்போகலாம். செய்ய இயலாமற்போன ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி செல்லாததாகிறது. 1876இல் இங்கிலாந்து வழக்கொன்றில், குறிப்பிட்ட நிலத்தில் விளையும் 200 டன் உருளைக்கிழங்கை விற்க ஒப்பியவர், நோயால் பயிர் அழிந்ததால் விடுவிக்கப்பட்டார். ‘இந்த வயலின் நெல்’ என்று பேசுவதற்கும் ‘நூறு மூட்டை நெல்’ என்று பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியும்: பின்னதை விற்க ஒப்பியவர் வெளியில் வாங்கியாவது தர வேண்டும். குத்தகைக்கு 56ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியது.

வாக்குத் தவறினால் 73ஆம் பிரிவு இயல்பாக விளையும் இழப்பை ஈடு செய்யச் சொல்கிறது. பொதுவாக அது பேசிய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாடு. ‘தராவிட்டால் இரட்டிப்புப் பணம்’ என்று எழுதினாலும், 74ஆம் பிரிவின்படி நியாயமான ஈடே கிடைக்கும். வழக்குக்கான காலவரம்பு பொதுவாக, மீறல் நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.

அண்மைச் சட்டங்கள்

ஒப்பந்தப் பண்ணையத்துக்கெனத் தமிழ்நாடு 2019இல் தனிச் சட்டம் இயற்றியது. விதைக்கும் முன்பே விலையைப் பேசி, உடன்பாட்டைப் பதிவு செய்ய அது வழிசெய்கிறது. 2020இல் படுகைப் பகுதிகள் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டன; எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கான புதிய திட்டங்களுக்கு அங்கு இடமில்லை. அவற்றுக்காக நிலத்தைத் தர ஒப்பும் உடன்பாடு, இரு தரப்பாரும் மனமொத்துக் கையெழுத்திட்டாலும், நோக்கத்தால் செல்லாது.