தூக்கும் பளுவும் தாங்கும் இயந்திரமும்

டம்பெல், பார்பெல் போன்ற பளுக்களைக் கையால் தூக்கிப் பயிற்சி செய்வது சிறந்ததா, கப்பியிலும் கம்பியிலும் இயங்கும் இயந்திரங்களில் அமர்ந்து செய்வது சிறந்ததா என்ற விவாதம் ஜிம்முக்குச் செல்லும் இளைஞர்களுக்கு மட்டுமே உரியதெனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இவ்விரு கருவிகளின் வரலாற்றில் முக்கியமான பக்கங்கள் நோயாளர்களாலும் போரில் காயமடைந்தோராலும் எழுதப்பட்டவை. அவ்வகையில் வன்னி மண்ணுக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று.

சுவீடன் நாட்டு வைத்தியர் குஸ்தாவ் சாண்டர் 1865 இல் ஸ்டொக்ஹோமில் இயந்திரப் பயிற்சி நிலையமொன்றைத் தொடங்கினார். நெம்புகோலும் எதிர்ப்பளுவும் கொண்ட அவருடைய கருவிகள் நோயாளியின் உடலைத் தாங்கிக்கொண்டு, வேண்டிய அங்கத்துக்கு மட்டும் அளந்து வேலை கொடுத்தன. முதலாம் உலகப் போருக்குப் பின் அவை மங்கிப்போயின. அமெரிக்காவில் 1957 இல் ஹரோல்ட் சிங்கினும், 1970 இல் 'நோட்டிலஸ்' கருவியுடன் ஆர்தர் ஜோன்சும் இயந்திரத்தை மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்தனர்.

இடைப்பட்ட காலத்தில் பளுவின் பக்கம் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படையினரால் அமெரிக்க இராணுவ வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. நலிந்த தசைக்கு இலேசான பளுவைப் பலமுறை அசைப்பதே அன்றைய வழக்கம். சிக்காகோவிலிருந்த இராணுவ வைத்தியசாலையில் பணியாற்றிய தோமஸ் டிலோர்ம் அதனை மாற்றினார். காலில் இரும்புச் சப்பாத்தைப் பூட்டி, நோயாளி பத்து முறை மட்டுமே உயர்த்தக்கூடிய பளுவைக் கண்டறிந்து, அதனைப் படிப்படியாகக் கூட்டினார். 1945 இல் அம்முறையை வெளியிட்டார். ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவு என்ற இன்றைய தனிநபர் பயிற்சியின் வேர்களில் ஒன்று இது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில்லில், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கென 1944 இல் தொடங்கிய பிரிவில், லுட்விக் குட்மன் விளையாட்டையே சிகிச்சையாக்கினார். 1964 டோக்கியோ பராலிம்பிக்கில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஆண்கள் மல்லாந்து படுத்தபடி பளுதூக்கினர். கால்கள் செயலிழந்தோர்க்கு இரும்புத் தண்டு ஆகாதது என்ற எண்ணத்தை அக்காட்சியே பொய்யாக்கியது.

இனி வன்னிக்கு வருவோம். 1990 முதல் நீடித்த பொருளாதாரத் தடையில் சீமெந்து, எரிபொருள், பற்றரி என்பனவே அருமையாயின. பயிற்சி இயந்திரத்துக்கு அங்கே இடமேது? 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, கை கால் இழந்தோரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரும் பெருந்தொகையினராக எஞ்சினர். மாங்குளத்தில் மருத்துவப் புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டதோ 2024 மே மாதத்தில். பதினைந்து ஆண்டுகள் என்பது காயப்பட்ட உடலுக்கு மிக நீண்ட காலம்.

சக்கர நாற்காலியில் வாழ்பவருக்குத் தோள்களே கால்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், மணற்பாதையில் சில்லுகளை உருட்டுவதும் அவற்றின் வேலை. உடற்சமநிலை குன்றியவரைத் தாங்கிப் பிடிப்பதில் இயந்திரம் மேலானது. பயிற்சியின் தொடக்கத்தில் அதன் பயன் பெரிது. ஆனால் சிகிச்சை முடிந்து முல்லைத்தீவின் கரையோரக் கிராமத்துக்குத் திரும்புபவருடன் இயந்திரம் வருவதில்லை. கைப்பளு வரும். அதுவும் இல்லாவிடின், ஒரு லீற்றர் தண்ணீர் நிறைந்த போத்தல் ஏறத்தாழ ஒரு கிலோ. இயன்மருத்துவர் வகுத்த அளவுடன் அதுவே பயிற்சிக் கருவியாகிவிடும்.

2023 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, தசை வளர்ச்சியில் இருவகைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றும், எதில் பயின்றோமோ அதிலேயே வலிமை கூடுதலாக வெளிப்படுகிறது என்றும் கூறுகிறது. ஆகவே எது சிறந்தது என்ற கேள்வியைவிட, எந்த உடலுக்கு, எந்த வாழ்வுக்கு என்ற கேள்வியே பொருளுடையது. வன்னிக்குக் கருவிகளை அன்பளிப்புச் செய்ய முன்வருவோர், நிரந்தர இருக்கை பூட்டிய பளபளக்கும் இயந்திரமொன்றை அனுப்புமுன், சக்கர நாற்காலி அதனருகே செல்லுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று. செல்லாதெனில், அதே பணத்தில் பல வீடுகளுக்குக் கைப்பளுக்களும், வீடு தேடிச் சென்று அளவு சொல்லும் ஓர் இயன்மருத்துவரின் பயணச் செலவும் கிடைக்கும்.