இருபத்தாறு வருஷம் மிஷனரி இல்லாத சபை



போன வருஷம் நம் சபைக்கு எட்டு மாதம் ஆயர் இல்லாமல் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருவிருந்துக்கு வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து போவார். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது வாலிபர் சங்கத் தம்பி ஒருவன், "அங்கிள், இப்படியே போனால் நம் சபை இருக்குமா?" என்று கேட்டான். அவனிடம் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மடகாஸ்கர் சபையின் சரித்திரத்தை அப்போதுதான் மறுபடி எடுத்து வாசித்தேன்.

மடகாஸ்கர் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள பெரிய தீவு. நம் தமிழர் பலர் போய்க் குடியேறிய மொரீசியசுக்குப் பக்கத்துத் தீவு என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். 1818-ல் லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன் என்ற இரண்டு வேல்ஸ் நாட்டு வாலிபர்கள் அங்கே இறங்கினார்கள். சில மாதங்களுக்குள் பெவன், அவர் மனைவி, குழந்தை, ஜோன்சின் மனைவி, குழந்தை என ஐந்து பேரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஜோன்ஸ் மட்டும் மொரீசியசுக்குத் திரும்பி, உடம்பு தேறி, 1820-ல் மறுபடியும் போனார். இந்த முறை மலைமேல் இருந்த தலைநகரம் அந்தனநரிவோவுக்கே போனார். அரசர் முதலாம் ராடாமா பள்ளிக்கூடம் நடத்த அனுமதி கொடுத்தார். மலகாசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் உறுதியானது, அச்சகம் வந்தது, வேதாகம மொழிபெயர்ப்பும் தொடங்கியது.

1828-ல் ராடாமா இறந்தார். அவருடைய மனைவி ரானவலோனா ராணியானார். நம் பழைய மிஷனரி புத்தகங்கள் அவரை வெறும் ராட்சசியாகக் காட்டும். நான் அப்படி எழுதப் போவதில்லை. முன்னோர்களின் ஆசீர்வாதத்தால்தான் ராஜ்யம் நிற்கிறது என்று அவர் நம்பினார். அந்த முன்னோர்களையும் அரண்மனைத் தெய்வங்களையும் வணங்க மாட்டோம் என்கிற ஒரு கூட்டம், அடிமையும் பிரபுவும் ஒரே பாயில் உட்காருகிற ஒரு கூட்டம், வெள்ளைக்காரரோடு சேர்ந்து வளர்வதை அவர் பார்த்தார். ஐரோப்பியர் நாட்டைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அது வீண் பயம் என்று சொல்ல முடியாது. 1896-ல் பிரான்ஸ் அந்தத் தீவைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

ஆனாலும் மிஷனரிகளை அவர் உடனே துரத்தவில்லை. உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு சோப்பு செய்ய முடியுமா என்று ராணி கேட்டனுப்பினார். ஜேம்ஸ் கேமரன் என்ற தொழில் மிஷனரி ஒரு வாரத்தில் இரண்டு சின்ன சோப்புக் கட்டிகளைச் செய்து காட்டினார். அந்த சோப்பினால் சபைக்குச் சில வருஷங்கள் கிடைத்தன.

1835 மார்ச் 1-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாமசினா மைதானத்தில் ஜனங்களைக் கூட்டி ராணியின் கட்டளையை வாசித்தார்கள். ஞானஸ்நானம், ஜெபக்கூட்டம், கிறிஸ்தவ ஆராதனை எல்லாம் தடை. இதுவரை செய்தவர்கள் தாங்களாகவே வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வேதாகமத்தின் அச்சு வேலை அப்போது முடியவில்லை. மலகாசித் தொழிலாளர்கள் அச்சகத்துக்கு வரக்கூடாது என்று தடை போட்டதால், மிஷனரிகளே எழுத்துக் கோத்து அதை முடித்தார்கள். முழு வேதாகமங்களில் சுமார் எழுபதைச் சபையாரிடம் விட்டுவிட்டு 1836-க்குள் கடைசி மிஷனரியும் கப்பலேறினார். முதல் ஞானஸ்நானம் நடந்ததே 1831-ல்தான். அப்படியானால் அந்தச் சபைக்கு வயது ஐந்து. நம் ஓய்வுநாள் பள்ளியின் பாலர் வகுப்புப் பிள்ளை வயது!

எல்லோரும் நிலைநிற்கவில்லை. பலர் பயந்து போய்ப் பெயர் கொடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், பழைய வழிக்குத் திரும்பினார்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. ஆனால் நான் அதிகமாக யோசிப்பது அவர்களைப் பற்றித்தான். அந்த மைதானத்தில் நான் நின்றிருந்தால் எந்த வரிசையில் இருந்திருப்பேன்?

ராசலாமா என்ற பெண் 1837 ஆகஸ்டில் பிடிபட்டார். உடம்பை முறுக்கி வளைக்கும் விலங்கைப் பூட்டினார்கள். அவர் பாடிக்கொண்டிருந்தார். மறுநாள் கொலைக்களத்துக்கு நடத்திப் போகும்போது, தான் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தைக் கடந்து போனார். அப்போதும் பாட்டு நிற்கவில்லை. அம்போஹிபோட்சி மேட்டில், ஜெபம்பண்ணக் கொஞ்ச நேரம் கேட்டு முழங்காலில் நின்றார். அப்படியே ஈட்டியால் குத்தினார்கள். கூட்டத்தில் நின்று அதைப் பார்த்த ரபராலாஹி என்ற வாலிபர், இப்படிப்பட்ட சமாதானத்தோடு சாக முடியுமானால் தானும் ஆயத்தம் என்று சொன்னாராம். அடுத்த வருஷம் அதே இடத்தில் அவரும் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகு சபை இரவுக்குள் போய்விட்டது. குகைகளிலும் மலைகளிலும் காடுகளிலும் கூடினார்கள். பாட்டை முணுமுணுத்துப் பாடினார்கள். வேதாகமத்தைப் பிரித்து, ஒருவரிடம் ஒரு பகுதி, இன்னொருவரிடம் ஒரு பகுதி என்று சுற்றுக்கு விட்டார்கள். மண்ணில் புதைத்து வைத்ததில் ஈரம் பட்டு ஓரங்கள் கிழிந்தன, அவற்றை மறுபடி ஒட்டியும் தைத்தும் படித்தார்கள். நம் வீட்டு அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் மோட்ச பிரயாணத்தை அவர்கள் கையால் எழுதிப் பிரதி எடுத்தார்கள். பிரசங்கம் செய்தவர்களும் உள்ளூர்க்காரர்கள், படிப்பித்தவர்களும் உள்ளூர்க்காரர்கள். எந்தப் பெரிய சபையும் சம்பளம் அனுப்பவில்லை.

1849-ல் நான்கு பிரபுக்களை ஃபராவோஹித்ராவில் உயிரோடு எரித்தார்கள். பதினான்கு பேரை அம்பமரினானா பாறை உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கிறிஸ்துவை மறுதலிக்கிறாயா என்று கேட்டு, இல்லை என்றதும் கயிற்றை அறுத்தார்கள். இத்தனைக்கும் கிறிஸ்தவர்களை மறைமுகமாகக் காப்பாற்றியவர்களில் ஒருவர் ராணியின் சொந்த மகன், இளவரசர் ராகோட்டோ.

1861-ல் ராணி இறந்தார். ராகோட்டோ இரண்டாம் ராடாமாவாக முடிசூடி, கட்டுண்டவர்களை விடுவித்தார். செத்துப்போனார்கள் என்று எண்ணப்பட்டவர்கள் காட்டிலிருந்து எலும்பும் தோலுமாய் ஊருக்குள் வந்தார்கள். அடுத்த வருஷம் மிஷனரிகள் திரும்பினார்கள். சபை அழிந்திருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். வந்து பார்த்தால், விட்டுப்போன சபையைவிடப் பல மடங்கு பெரிய சபை, தனக்கென்று மேய்ப்பர்களோடு, அவர்களை வரவேற்க நின்றது.

சோப்பு செய்த கேமரனும் திரும்பி வந்தார். இரத்தசாட்சிகள் விழுந்த இடங்களில் கல்லால் ஞாபகார்த்த ஆலயங்கள் கட்டும் வேலையில் அவரும் சேர்ந்துகொண்டார். ராசலாமா முழங்காலில் நின்ற அம்போஹிபோட்சி மேட்டிலும் ஓர் ஆலயம் எழும்பியது. இன்றைக்கும் அங்கே ஞாயிறுதோறும் பாடுகிறார்கள், சத்தமாக.