முகமூடி களைந்த ஆசான்கள்: அமெரிக்க உளமருத்துவத்தில் தன்பாலீர்ப்பாளரின் குருமரபு

அறிவுத் துறைகளுள் சில ஏட்டின் வழியாகக் கற்கப்படுவன. வேறு சில ஆளின் வழியாகவே கற்கப்படுவன. நன்னூலார் தமது பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பைக் கூறியதோடு அமையாது, ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைத்தமை இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே எனலாம். மனத்தின் நோவை உரையாடலால் தீர்க்க முனையும் உளச்சிகிச்சைத் துறை இரண்டாவது வகையைச் சார்ந்தது. அங்கு ஆசான் இன்றிக் கல்வி இல்லை. ஆசான் தன்னை மறைத்து வாழவேண்டிய நிலை ஏற்படின் அக்கல்விக்கு யாது நேரும்? இருபதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த தன்பாலீர்ப்புடைய உளமருத்துவர்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

இவ்வரலாறு பெரும்பாலும் 1973ஆம் ஆண்டை மையமாகக் கொண்டே கூறப்படுகின்றது. தன்பாலீர்ப்பு ஒரு நோய் என்னும் கொள்கையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் கைவிட்ட ஆண்டு அது. ஆயின் பட்டியலில் இருந்து ஒரு சொல் நீக்கப்படுவது ஒன்று. மூத்தோரிடமிருந்து இளையோர் அச்சமின்றித் தொழிலைக் கற்பது வேறொன்று. முன்னையது ஒரு வாக்கெடுப்பில் முடிந்தது. பின்னையதற்கு மேலும் இரு தசாப்தங்கள் தேவைப்பட்டன.

உளப்பகுப்பாய்வுக் கல்வி 1920இல் பேர்ளினில் தோன்றிய நிறுவனத்தின் வழியாகவே ஒழுங்கான அமைப்பைப் பெற்றது. மாணவர் தாமே ஒரு மூத்தவரிடம் பகுப்பாய்வுக்கு உட்படல், கருத்தரங்குகளிற் கற்றல், மேற்பார்வையின்கீழ் நோயாளரை நடத்துதல் என்பன அதன் மூன்று கூறுகளாகும். நோயாளியின் சொற்கள் சிகிச்சையாளரின் மனத்தில் எவ்வுணர்ச்சிகளை எழுப்புகின்றன என்பதை மேற்பார்வையாளரிடம் ஒளியாது கூறுவதே இக்கல்வியின் உயிர்நாடி. தன் வாழ்வின் அடிப்படை உண்மையொன்றை மறைத்தே தீரவேண்டிய மாணவர் இக்கல்வியின் பாதியை இழந்தவராகிறார். அவ்வுண்மையைக் கூறினாலோ முழுவதையும் இழக்க நேரும்.

இத்தடை தொடக்கத்திலேயே விவாதத்துக்கு உரியதாக இருந்தமை நோக்கற்பாலது. தன்பாலீர்ப்புடைய ஒருவரைச் சங்கத்தில் அனுமதிக்கலாமா என்ற வினா 1921இல் எழுந்தபோது, ஏர்ணஸ்ற் ஜோன்ஸ் அதனை எதிர்த்தார். சிக்மண்ட் புரொய்டும் ஒட்டோ ராங்கும் அக்காரணம் பற்றி மட்டும் ஒருவரைத் தள்ளிவிட இயலாது என்றனர். பேர்ளினைச் சார்ந்தோர் ஜோன்ஸின் பக்கமே நின்றனர். 1935இல் அமெரிக்கத் தாயொருவருக்கு எழுதிய கடிதத்தில், அவரது மகனின் இயல்பு நோயன்று, நாணத்தக்கதும் அன்று எனப் புரொய்ட் ஆறுதல் கூறினார். ஆயினும் அமெரிக்காவிற் செல்வாக்குப் பெற்றது புரொய்டின் கருத்தன்று. உளமருத்துவச் சங்கம் 1952இல் வெளியிட்ட நோய்க் கையேடு தன்பாலீர்ப்பை ஆளுமைக் கோளாறுகளுள் ஒன்றாக வகுத்தது. 106 தன்பாலீர்ப்புடைய ஆண் நோயாளரை ஆராய்ந்து 1962இல் வெளிவந்த ஏர்விங் பீபரின் நூல் அக்கருத்துக்கு மேலும் வலுவூட்டியது. சிகிச்சை நாடி வந்த நோயாளரை மட்டும் கொண்டு ஓர் இனத்தாரையே அளந்த குறை அந்நூலுக்கு உண்டு.

தன்பாலீர்ப்புடைய ஆசான்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை. பால்ற்றிமோர் நகரை அண்டிய மருத்துவமனையொன்றில் 1920களின் இறுதியில் இளம் மனச்சிதைவு நோயாளருக்கெனத் தனி விடுதி நடத்திப் புகழீட்டிய ஹரி ஸ்ராக் சலிவன் அத்தகையவர். பின்வந்த தலைமுறையினர் பலர் அவரது கருத்துகளாற் பயிற்றப்பட்டனர். ஆயினும் அவரது இல்வாழ்வு நெருங்கியோருக்கு மட்டும் தெரிந்த செய்தியாகவே இருந்தது. 1949இல் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே வரலாற்றாய்வாளர் அதனைப் பொதுவில் எழுதினர். அவரது அறிவு மாணாக்கரைச் சென்றடைந்தது. அவரது வாழ்வு சென்றடையவில்லை.

1960களில் நிலைமை சிறிது மாறியது. உளமருத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாடுகளின்போது தன்பாலீர்ப்புடைய மருத்துவர்கள் இரவு விருந்துகளிலும் மதுச்சாலைகளிலும் இரகசியமாகக் கூடினர். சங்கத்தின் ஆங்கிலப் பெயரெழுத்துகளைத் திரித்து, ‘கே-பி-ஏ’ எனத் தமது கூட்டத்துக்கு வேடிக்கைப் பெயரும் இட்டனர். தோழமைக்கு அங்கு இடமிருந்தது. ஆனால் அழைப்பு இன்றி எவரும் அங்கு செல்ல இயலாது. உதவி மிகவும் தேவைப்பட்ட இளைஞனுக்கோ அழைப்பார் எவரும் இலர்.

உள்ளிருந்தோர் வாய் திறவாத காலத்தில் வெளியிலிருந்தே உதவி வந்தது. கலிபோர்ணியாவில் உளவியல் கற்பித்த எவலின் ஹூக்கர் தன்பாலீர்ப்பாளர் அல்லர். தம்மைப் போன்றோரை ஆராய்தல் அவரது கடமை என முன்னாள் மாணவரான சாம் புறொம் வற்புறுத்தியமையே அவரை ஆய்வுக்குத் தூண்டியது. வயது, கல்வி, நுண்ணறிவு ஆகியவற்றில் ஒத்த முப்பது தன்பாலீர்ப்பாளரையும் முப்பது ஏனையோரையும் அவர் சோதித்தார். சோதனை விடைகளை மட்டும் கண்ட நிபுணர்களால் இரு சாராரையும் பிரித்தறிய முடியவில்லை. 1957இல் வெளியான இம்முடிவு நோய்க் கொள்கையின் அடித்தளத்தையே அசைத்தது. ஆசிரியர் மாணவருக்கு வழிகாட்டுவதே மரபு. இங்கு மாணவர் ஆசிரியருக்கு வழிகாட்டினார்.

1972 மே மாதத்தில் டலஸ் நகரில் நடைபெற்ற மாநாடு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். உரிமைப் போராளிகளான பிராங் கமெனியும் பார்பரா கிற்றிங்ஸும் அங்கு ஓர் அரங்கிற் பேச அழைக்கப்பட்டனர். தன்பாலீர்ப்புடைய உளமருத்துவர் ஒருவரும் அவ்வரங்கில் இருத்தல் வேண்டும் எனக் கிற்றிங்ஸின் துணைவியார் கே லகூசன் கருதினார். கிற்றிங்ஸ் பலரைக் கேட்டார், பலரும் மறுத்தனர். பிலடெல்பியாவின் ரெம்பிள் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி பெறாதிருந்த ஜோன் பிரையர் மட்டும், தமது பெயரும் முகமும் வெளிப்படலாகாது என்ற நிபந்தனையுடன் இசைந்தார். தமது இயல்பு காரணமாக முன்னரே ஒரு பயிற்சி இடத்தை இழந்தவர் அவர். உருமாற்றிய முகமூடி, பொய்முடி, அளவிற் பெரிய உடை, குரலைத் திரிக்கும் ஒலிவாங்கி ஆகியவற்றுடன் ‘டொக்டர் ஹெச் அநாமதேயர்’ என்ற பெயரில் அவர் மேடையேறினார்.

அவ்வுரை பொதுவாக நோய்க் கொள்கைக்கு எதிரான முழக்கமாகவே நினைவுகூரப்படுகின்றது. ஆயின் அது தொழிலுலகை நோக்கிய முறையீடுமாகும். அதிகாரத்தில் உள்ளோர் அறியாவண்ணம் தம் போன்றோர் எவ்வளவு எச்சரிக்கையுடன் நடக்க வேண்டியுள்ளது என்பதை அவர் விளக்கினார். மாநாட்டில் பதிவு செய்திருந்த தம்மவர் நூற்றுக்கு மேற்பட்டோர் என்றார். வெளிப்படுதல் ஆபத்தே, ஆனால் தமது மனிதத்தன்மையை முழுமையாக வாழாது விடுதல் அதனினும் பெரிய இழப்பு என்பதே அவரது முடிபு. மூத்தோர் பலர் மறுத்த இடத்தில், இழப்பதற்கு மிகுதியாக இருந்த இளையவர் ஒருவர் பேசினார் என்பது சிந்திக்கத்தக்கது.

அடுத்த ஆண்டு ஹொனலூலு மாநாட்டில் நோய்ப்பெயர்க் குழுவைச் சார்ந்த றொபேர்ட் ஸ்பிற்சரைப் போராளி றொனால்ட் கோல்ட் மேற்கூறிய இரகசியக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். துறையிற் பெயர் பெற்ற பலரை அங்கு கண்டு ஸ்பிற்சர் வியந்தார். அவரது வினாக்களால் கலக்கமுற்ற மூத்தோர் அவரை வெளியேற்றுமாறு கோல்டை வற்புறுத்தினர். அவ்வேளையில் இராணுவச் சீருடை அணிந்த இளம் உளமருத்துவர் ஒருவர் உள்ளே வந்தார். அன்று பகல் மேடையிற் பேசிய கோல்டைக் கண்டதும் தழுவிக்கொண்டு அழுதார். இத்தகைய இடமொன்றில் அவர் காலடி வைத்தது அதுவே முதன்முறை. அக்காட்சியால் அசைந்த ஸ்பிற்சர் அன்றிரவே தீர்மான வரைவை எழுத இணங்கினார் எனக் கோல்ட் பின்னாளிற் கூறியுள்ளார். அவ்விளைஞர் ஆறுதல் கண்டது தம் துறையின் மூத்தவரொருவரின் தோளில் அன்று. மருத்துவரே அல்லாத ஒருவரின் தோளில். குருமரபு எந்த அளவுக்கு அறுபட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1973 டிசெம்பர் 15ஆம் திகதி சங்கத்தின் ஆளுநர் சபை நோய்ப் பட்டியலைத் திருத்தியது. 1974இல் உறுப்பினர் வாக்கெடுப்பில் 58 வீதத்தினர் அதனை ஆதரித்தனர். அவ்வேளையிற் சங்கத்தின் தலைமைக்குத் தெரிவாகியிருந்த ஜோன் ஸ்பீகலும் தன்பாலீர்ப்புடையவரே; எனினும் அதனை அவர் பொதுவிற் கூறவில்லை. தலைமைப் பீடத்திற் கூட மறைவு தேவைப்பட்டது எனின் கடைநிலை மாணவரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

ஆயினும் மரபு முளைவிடத் தொடங்கிற்று. சங்கத்தின் முன் சான்றுகளை எடுத்துரைத்த இளம் உளவியலாளர் சாள்ஸ் சில்வர்ஸ்ரீன், நியூயோர்க்கில் தன்பாலீர்ப்பாளருக்கான உளவளத்துணை நிலையங்கள் உருவாக உழைத்தார். எழுபதுகளின் இறுதியில் தன்பாலீர்ப்புடைய உளமருத்துவர்கள் சங்கத்தினுள் வெளிப்படையான குழுவாயினர். 1985இல் உளவியலாளர் சங்கத்தில் இவர்களுக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. மதுச்சாலையின் இருளில் நிகழ்ந்த சந்திப்பு மாநாட்டு நிகழ்ச்சிநிரலில் இடம்பெற்றது. அழைப்பின்றியும் ஓர் இளைஞன் அங்கு செல்லலாயிற்று.

இறுதியாகத் திறந்தது உளப்பகுப்பாய்வின் கதவு. றிச்சர்ட் ஐசே தமது இயல்பை மாற்றும் நோக்குடன் பல ஆண்டுகள் பகுப்பாய்வுக்கு உட்பட்டவர். அது மாறாது என உணர்ந்து, எண்பதுகளில் அதனை வெளிப்படுத்தினார். சகபாடிகள் பலர் அவரிடம் நோயாளரை அனுப்புவதை நிறுத்தினர். அவர் தளரவில்லை. வழக்குத் தொடரப்படலாம் என்ற நிலையில் அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1991இல் மாணவர் அனுமதியில் பாகுபாட்டைக் கைவிட்டது. அதுமட்டும் போதாதென்பதை ஐசே உணர்ந்திருந்தார். மாணவராகலாம், ஆனால் ஆசானாகலாகாது எனின் மரபு ஒரு தலைமுறையுடன் முற்றுப்பெறும். 1992இல் பயிற்சிப் பகுப்பாய்வாளர், மேற்பார்வையாளர் பதவிகளுக்கும் அவ்விதி விரிக்கப்பட்டது. 1921இல் எழுந்த வினாவுக்கு எழுபது ஆண்டுகளின் பின் கிடைத்த விடை அது.

ஜோன் பிரையர் 1994இல் பிலடெல்பியா மாநாட்டில் டலஸ் மேடையில் நின்றவர் தாமே எனப் பகிரங்கமாகக் கூறினார், 2003இல் மறைந்தார். தன்பாலீர்ப்பை நோயெனக் கொண்டமைக்காக உளப்பகுப்பாய்வுச் சங்கம் 2019இல் மன்னிப்புக் கோரியது. அம்மன்னிப்பு வேண்டத்தக்கதே. ஆயின் கற்பிக்கப்படாத பாடங்களை எந்த மன்னிப்பும் மீட்டுத் தராது. தம்மைப் போன்ற ஒரு மூத்தவரைக் காணாமலே பயின்று, தாமும் இளையோருக்கு முகங்காட்டாமலே மறைந்தவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் கூறாது. ஆசான் தன் முகத்தைக் காட்ட அஞ்சும் துறையில், ஒவ்வொரு மாணாக்கனும் முதலெழுத்திலிருந்தே தொடங்க வேண்டியவனாகிறான். முகமூடியுடன் நின்ற அம்மனிதர் அன்று உடைத்தது இத்தொடக்கத்தின் தனிமையையே ஆகும்.