செவிக்குக் கிடைத்த பாடம்

அந்நிய பாஷையொன்றை வயது வந்தபின் கற்க முற்படுவோருக்கு வாசிப்பும் எழுத்தும் பேச்சும் தனித்தனியே வகுத்துப் போதிக்கப்பட்ட காலத்திலும், கேட்டல் மட்டும் மற்றவற்றைக் கற்கக் கற்கத் தானே வந்து சேரும் ஒன்றாகவே நெடுநாள் கருதப்பட்டு வந்தது. ஆங்கிலப் போதனையின் சரித்திரத்தில் இவ்வெண்ணம் எங்ஙனம் தளர்ந்தது என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1913இல், பிற நாட்டார்க்கென முதன்முதல் நடத்திய ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு வந்தவர் மூவர், மூவரும் தேறவில்லை. ஏறக்குறைய 12 மணி நேரம் நீண்ட அப்பரீட்சையில் செவியைச் சோதித்தவை அரை மணிச் சொல்வதெழுதுதலும், வாசிப்போடு சேர்ந்த சிறிது சம்பாஷணையுமே. சொல்வதெழுதுதலோ, சொல்லுக்குச் சொல் நிறுத்தி உச்சரிக்கப்படுவதால், கேட்டலினும் எழுத்துக்கூட்டலுக்கே நெருங்கிய உறவு.

1922இல் ஜப்பான் கல்வி இலாகாவின் ஆலோசகராகச் சென்ற ஹரோல்ட் பாமர், வாய் திறக்குமுன் செவிக்கு அவகாசம் தரவேண்டுமென வற்புறுத்தி, ஆசிரியர் கட்டளையிட மாணவர் பேசாது அதன்படி செய்து காட்டும் அப்பியாசங்களை வகுத்தார். ஆயினும் 1941இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் நிறுவப்பட்ட ஆங்கிலக் கல்விக் கழகமும், அதை நிறுவிய சார்லஸ் ஃப்ரீஸின் வழிநின்றோரும் பரவச் செய்த பயிற்சியில், கேட்பது திருப்பிச் சொல்வதற்கே என்றாகி, செவி நாவின் ஏவலாளாயிற்று. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர்க்கென 1964இல் தொடங்கிய டோஃபல் பரீட்சை கேட்டலுக்குத் தனி ஸ்தானம் அளித்தது மெய்யே. ஆனால் சோதிக்கப்படுவதெல்லாம் போதிக்கப்படுவதாகிவிடாது.

இவ்வரலாற்றில் என் கருத்தில் திருப்பம் என்று சொல்லத்தக்கது, எடின்பரோவில் ஒலியியல் போதித்த கில்லியன் பிரௌன் 1977இல் வெளியிட்ட நூலே. தம் நாட்டில் ஆண்டுக்கணக்காக ஆங்கிலம் பயின்று, அங்குள்ள ஆசிரியர்களின் பேச்சைத் தடையின்றி விளங்கிக்கொண்ட மாணவர்கள், பிரிட்டனில் வந்திறங்கியதும் விரிவுரையையும் நடைமுறைப் பேச்சையும் பின்பற்ற இயலாது திகைத்த காரணத்தை அவர் ஆராய்ந்தார். குறை அவர்களது சொல்வளத்தில் இல்லை. ‘டென் பவுண்ட்ஸ்’ என்று அகராதி காட்டும் பத்துப் பவுன், கடைக்காரர் வாயில் ‘டெம்பவுண்ட்ஸ்’ ஆகிறது; ‘ஹேண்ட்பேக்’, ‘ஹேம்பேக்’ ஆகிறது; ‘அண்ட்’ என்பதோ வெறும் ‘ன்’ ஆகத் தேய்ந்து அடுத்த சொல்லில் ஒட்டிக்கொள்கிறது. ‘பொன்+குடம்’ பொற்குடமாவதைப் புணர்ச்சி என்று சூத்திரமிட்டு எழுத்திலும் காட்டும் மொழியினராகிய நமக்கு இது வியப்பன்று. ஆங்கிலமோ பேச்சில் புணர்த்துவிட்டு எழுத்தில் பிரித்தே வைத்திருப்பதால், ஏட்டின் வழியே வந்த மாணவன் தான் அறிந்த சொல்லையே அறியாதவனாகிறான். அகதிக்கும் கூலிக்காரனுக்கும் வைத்தியசாலையிலும் வேலைத்தலத்திலும் நேரும் இடர் இதனினும் பெரிது. ஏனெனில் அவன் திருப்பிக் கேட்கவும் கூசுகிறான்.

அப்பாலும் வகுப்பு எளிதில் மாறவில்லை. முன்னுரை, ஒலிநாடா, வினாக்கள், விடை சரிபார்த்தல் என்ற முறையே நீடித்தது. கேட்டல் போதனையை ஆராய்ந்த ஜான் ஃபீல்ட் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கண்டித்து, சரியான விடை மாணவன் கேட்டானா ஊகித்தானா என்பதைக் காட்டாதென்றும், பிழைத்த இடத்தையே வைத்தியன் நாடி பார்ப்பது போல் ஆராயவேண்டுமென்றும் வாதித்தார். அவர் வழியில் செல்லும் ஆசிரியர், விடையைச் சொல்லி அடுத்த வினாவுக்குத் தாவாமல், மாணவன் தவறவிட்ட இரண்டு விநாடித் துண்டை மறுபடி ஒலிக்கச் செய்து, அவன் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதச் சொல்கிறார். ‘டெம்’ என்று அவன் எழுதினால், அதைச் சிவப்பு மையால் அடிப்பதில்லை. அதனருகே ‘டென்’ என்று எழுதிக்காட்டி, இரண்டையும் வைத்துக்கொண்டு அத்துண்டை இன்னொரு முறை ஒலிக்கச் செய்கிறார்.